ஒரே சம்பவம், ஆறு குழு, ஆறு எழுத்து
மனு எழுதத் தெரிந்த பிள்ளையை உருவாக்கும் வகுப்பறை விளையாட்டு

திங்கள்கிழமை காலையில் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு வந்தவர்கள், உள்ளே போவதற்கு முன் மனு எழுதித் தருபவரின் முன்னால் காத்திருப்பார்கள். வீட்டுமனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொருவரும் தங்கள் குறையைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதித் தருவார். காசு கொடுத்து வாங்கிய அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், அவர்களில் பலர் வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும். சில வீட்டில் பட்டதாரியே இருப்பார். பத்து ஆண்டுகள் தமிழ் படித்த பிள்ளையால், தன் அம்மாவின் குறையை ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எழுத்தை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொல்லும் கேள்வி உண்டு. படிவம் நிரப்பச் சொல்லும் கேள்வியும் உண்டு. மாணவர்கள் உரைநூலில் இருக்கும் கடிதத்தை மனப்பாடம் செய்து, அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் என்று வரிசை தவறாமல் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் எந்த அலுவலகத்துக்கும் போகாது. அதைப் படித்து யாரும் பதில் போட மாட்டார்கள். யாருக்கும் எழுதாத கடிதத்தைப் பத்து முறை எழுதினாலும், யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்பது பிடிபடாது.

இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கணினி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். சில துண்டுச் சீட்டுகளும் இரண்டு பாடவேளைகளும் போதும்.

விளையாட்டு இதுதான்

வகுப்பில் 36 மாணவர்கள் இருந்தால், ஆறு ஆறு பேராக ஆறு குழுக்கள் பிரிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு சிறிய சம்பவத்தைக் கரும்பலகையில் எழுதுவார். ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டு எடுக்கும். மனு, செய்தி, கடிதம், நாட்குறிப்பு, துண்டறிக்கை, சிறுகதை என்று சீட்டுக்கு ஒரு வடிவம் இருக்கும். எந்தக் குழுவுக்கு என்ன சீட்டு வந்தது என்பதை அடுத்த குழுவுக்குச் சொல்லக் கூடாது. 20 நிமிடத்தில், கரும்பலகையில் இருக்கும் சம்பவத்தைத் தங்கள் சீட்டில் உள்ள வடிவத்தில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு குழுவாக எழுந்து வாசிக்க வேண்டும். மற்ற குழுக்கள் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இது என்ன வடிவம்? யாருக்காக எழுதப்பட்டது? படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று இது எதிர்பார்க்கிறது? மூன்றையும் சரியாகச் சொன்ன குழுவுக்கு மூன்று புள்ளி. மற்றவர்கள் எளிதில் புரிந்துகொள்ளும்படி எழுதிய குழுவுக்கும் மூன்று புள்ளி.

உதாரணத்துக்கு, விளையாட்டுக்காகக் கற்பனையாக ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். காலனித் தெருவில் 60 குடும்பங்கள். ஐந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதே தொட்டியிலிருந்து மற்ற தெருக்களுக்குத் தண்ணீர் போகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தூரத்தில் போய்க் குடம் தூக்கி வருவதால், மூன்று நாளாகப் பள்ளிக்குத் தாமதமாக வருகிறாள்.

மனுச் சீட்டு எடுத்த குழு இப்படி எழுதலாம்:

"பொருள்: காலனித் தெருவுக்குக் குடிநீர் வழங்கக் கோருதல். ஐயா, எங்கள் தெருவில் 60 குடும்பங்கள் வசிக்கிறோம். இம்மாதம் 3ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை எங்கள் தெருவின் இரண்டு பொதுக் குழாய்களிலும் தண்ணீர் வரவில்லை. அதே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து தண்ணீர் பெறும் மற்ற தெருக்களுக்கு இந்த நாள்களில் தண்ணீர் வந்தது. பழுதைச் சரிசெய்து குடிநீர் வழங்கவும், அதுவரை லாரியில் தண்ணீர் தரவும் கேட்டுக்கொள்கிறோம்."

செய்திச் சீட்டு எடுத்த குழு:

"கும்மிடிப்பூண்டி அருகே உள்ள காலனிப் பகுதியில் 5 நாள்களாகக் குடிநீர் வராததால் 60 குடும்பத்தினர் அவதிப்படுகின்றனர். மாணவ, மாணவிகளும் குடத்துடன் நீண்ட தூரம் செல்வதால் பள்ளிக்குத் தாமதமாகச் செல்ல வேண்டியுள்ளது என்று பெற்றோர் தெரிவித்தனர். இதுகுறித்து ஊராட்சி நிர்வாகத்திடம் கேட்டபோது, வால்வு பழுதாகியிருப்பதாகவும் இரண்டு நாளில் சரிசெய்யப்படும் என்றும் கூறினர்."

கடிதச் சீட்டு எடுத்த குழு, அந்த மாணவி தன் ஆயாவுக்கு எழுதுவதுபோல:

"ஆயா, நல்லா இருக்கியா? இங்க நம்ம தெரு குழாயில அஞ்சு நாளா தண்ணி வரல. அம்மாவுக்கு முதுகு வலி. அதனால நான்தான் போய் தூக்கியாறேன். நீ இங்க இருந்திருந்தா அந்த மோட்டார் போடுறவர வாசல்லயே நிக்க வச்சு கேட்டிருப்ப."

நாட்குறிப்பு:

"இன்னைக்கும் லேட். கணக்கு டீச்சர் ஏன்னு கேட்டாங்க. தண்ணி தூக்கப் போனேன்னு சொல்ல வாய் வரல. தூங்கிட்டேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

துண்டறிக்கை:

"ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. ஏன் என்று கேட்போம்! அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள்!"

சிறுகதையின் முதல் பத்தி:

"மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். குழாய் ஒருமுறை இருமியது. அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது."

எது உள்ளே வந்தது, எது வெளியே போனது?

ஆறையும் வாசித்து முடித்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் எது இருக்கிறது, எது இல்லை என்று மாணவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும்.

மனுவில் தேதி இருக்கிறது, குடும்பங்களின் எண்ணிக்கை இருக்கிறது, குழாய்களின் எண்ணிக்கை இருக்கிறது. கடைசியில் கோரிக்கை தெளிவாக இருக்கிறது. ஆயாவின் கோபம் அதில் இல்லை. செய்தியில் நிர்வாகத்தின் பதிலும் இருக்கிறது. ஒரு தரப்பை மட்டும் எழுதினால் அது செய்தி ஆகாது. நாட்குறிப்பில் குடும்பங்களின் எண்ணிக்கை இல்லை. ஆனால் மற்ற ஐந்திலும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: தாமதத்துக்கான உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, அந்தப் பிள்ளை பொய் சொன்னது. துண்டறிக்கையில் நாள் இருக்கிறது, அழைப்பு இருக்கிறது, விளக்கம் குறைவு. கதையில் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் காலிக் குடம் கண்முன் நிற்கிறது.

ஒரே சம்பவம்தான். எதுவும் பொய்யில்லை. யாரிடம் பேசுகிறோம், என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஏற்ப எழுத்து மாறுகிறது. எழுத்து நடை என்று இலக்கண வகுப்பில் சொல்லும் சொல்லுக்கு இதுதான் பொருள். விளக்கமாகச் சொல்லி இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆகும். விளையாடிப் பார்த்தால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் தாள்களை மாற்றிக்கொள்ளலாம். நாட்குறிப்பு கிடைத்த குழு அதை மனுவாக மாற்ற வேண்டும். மனு கிடைத்த குழு அதை ஆயாவுக்குக் கடிதமாக மாற்ற வேண்டும். எந்த வரியை வைத்துக்கொள்வது, எந்த வரியை விடுவது என்று குழுவுக்குள் வாக்குவாதம் வரும். வரட்டும். அந்த வாக்குவாதத்தில்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.

ஒரே நிகழ்ச்சியைப் பல நடையில் எழுதுவது இலக்கிய உலகில் பெரிய பெயர் பெற்ற சோதனைதான். பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ, பேருந்தில் நடக்கும் ஒரு சாதாரணச் சம்பவத்தை 99 விதமாக எழுதி 1947இல் புத்தகமாக வெளியிட்டார். அவருக்கு அது மொழி விளையாட்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வாழ்க்கைக்கான பயிற்சி.

ஒரு வரி விடுபட்டால் வழக்கே நிற்காது

வாழ்க்கைக்கான பயிற்சி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியது இச்சட்டப்படி குற்றமாக வேண்டுமென்றால், அது பொதுமக்களின் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், சொன்ன சொல் என்ன என்பது புகாரில் இருக்க வேண்டும். மனம் நொந்து நான்கு பக்கம் எழுதிவிட்டு, இடத்தையும் சாட்சியையும் எழுதாமல் விட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டையில்தான் கை வைப்பார்.

வாய்மொழியாகச் சொன்ன புகாரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் பதிவு செய்து, புகார்தாரருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று இச்சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. படித்துக் காட்டும்போது விடுபட்டதைக் கண்டுபிடித்து, "ஐயா, நடந்த இடத்தை விட்டுட்டீங்க" என்று சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பலம்!

தகவல் உரிமைச் சட்டம் 2005 இன்னொரு உதாரணம். 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் "எங்கள் தெருவை ஏன் புறக்கணிக்கிறீர்கள்?" என்று எழுதினால், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். "2023–24இல் எங்கள் ஊராட்சியில் குடிநீர்ப் பணிக்கு எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது? எந்தெந்தத் தெருவில் செலவானது? பணி உத்தரவின் நகல் வேண்டும்" என்று எழுதினால் ஆவணத்தைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்க நினைப்பது இரண்டிலும் ஒன்றுதான். நடை மாறியதும் அலுவலகத்தின் பதிலும் மாறுகிறது. பிள்ளைகள் பழகிய பிறகு, இதை ஏழாவது சீட்டாகச் சேர்க்கலாம்.

கும்மிடிப்பூண்டி பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பத்தாவதும் ஐடிஐயும் முடித்த நம் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அந்தக் கம்பெனி வாசல்களில்தான். அங்கும் தன்விவரக் குறிப்பு, விடுப்புக் கடிதம், விபத்து நடந்தால் அது குறித்த விளக்கம், பிஎஃப் பணம் கேட்கும் படிவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேரும் பிள்ளை, கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துக் கேட்க வேண்டுமானால், அதற்கான பழக்கம் பள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

எழுத்து நடத்திய போராட்டம்

பல வடிவங்களில் எழுதத் தெரிந்திருப்பது என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

அவர் 1893இல் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே பத்திரிகையின் தலைப்பில் வைத்தார். அது செய்தி எழுத்து. அதே காலத்தில், ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, உயர்சாதியினர் மட்டுமே அதிகாரிகளாக வந்து ஒடுக்குமுறை கூடும் என்று அவர் அஞ்சினார். 3,412 பேரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அது மனு எழுத்து. சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரான பிறகு, பொதுச் சாலை, பொதுக் கிணறு ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்று ஆணை வெளியிட்டது. அது தீர்மான எழுத்து. 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் வாழ்க்கையை எழுதினார். அது தன்வரலாற்று எழுத்து.

ஒரே மனிதர், ஒரே கோரிக்கை. பத்திரிகையில் தன் மக்களிடம் பேசினார். மனுவில் நாடாளுமன்றத்திடம் பேசினார். தீர்மானத்தில் சட்டத்தின் மொழியில் பேசினார். தன்வரலாற்றில் பின்னால் வரப்போகும் நம்மிடம் பேசினார். எந்த இடத்தில் எந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாணவர்களின் எழுத்துக்கும் வரலாறு இருக்கிறது. மராட்டியத்தில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் நடத்திய பள்ளியில் படித்தவர் முக்தா சால்வே. மாங் சாதியைச் சேர்ந்த மாணவி. மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளியானது. தலித் பெண் எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் பள்ளி மாணவியின் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம் கும்மிடிப்பூண்டியிலேயே அண்மைக் கால உதாரணங்கள் இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண் என்பதால் தேசியக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். விஷயம் செய்தியானது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். தோக்கமூரில் தலித் மக்களின் பாதையை மறித்த தீண்டாமைச் சுவரை அகற்றச் சொல்லி மக்கள் தொடர்ந்து கோரிக்கை வைத்தார்கள். 2022 அக்டோபரில் அதிகாரிகள் அந்தச் சுவரை இடித்தார்கள். ஓரிடத்தில் செய்தி வேலை செய்தது. இன்னோரிடத்தில் விடாத கோரிக்கை வேலை செய்தது. இந்த இரண்டு சம்பவங்களையும் கரும்பலகையில் எழுதி விளையாட வைக்கலாம். தங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றை எழுதும்போது பிள்ளைகளின் கவனமே வேறாக இருக்கும்.

எட்டுப் பையன்கள் எழுதிய புத்தகம்

குழுவாகச் சேர்ந்து எழுதுவதால் என்ன பயன், தனித்தனியாக எழுதினால் போதாதா என்று சில ஆசிரியர்கள் கேட்கலாம். இதற்கு இத்தாலியிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

ஃப்ளாரன்ஸ் நகரத்துக்கு அருகே பார்பியானா என்ற மலைக் கிராமம். அங்கே லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், அரசுப் பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களைத் தோல்வியடையச் செய்யும் ஓர் ஆசிரியைக்கு எழுதுவதுபோல் 1967இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பல மொழிகளில் வந்த அந்தப் புத்தகம், தமிழிலும் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற தலைப்பில் வெளிவந்திருக்கிறது.

அவர்கள் எழுதிய முறை எளிமையானது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றும் கருத்தை, ஒரு தாளுக்கு ஒன்று என்று எழுதி வைப்பார்கள். ஒருநாள் எல்லாத் தாளையும் மேசையில் பரப்புவார்கள். ஒரே கருத்து இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். ஒத்த கருத்துகளைக் கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். ஒவ்வொரு கட்டும் ஓர் அத்தியாயம். பிறகு எழுதி, தேவையில்லாத சொற்களை வெட்டி, நீளமான வாக்கியத்தை உடைத்து, வெளியாள்களிடம் படிக்கக் கொடுத்து, புரியவில்லை என்று அவர்கள் சொன்ன இடத்தைத் திருத்துவார்கள்.

இந்த முறையில், நன்றாகப் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. கணக்கு நன்றாக வரும் பிள்ளை புள்ளிவிவரம் சேர்க்கலாம். யாருடைய கருத்தும் வீணாகாது. வீட்டில் முதல் முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வெற்றுத் தாளைப் பார்த்தாலே பயம் வரும். ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

குழு பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிக்கக் கூடாது. நண்பர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொன்னால், ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கமும் தானாகவே பிரிந்துவிடும் வகுப்புகள் இன்றும் உண்டு. வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்தோ, சீட்டுப் போட்டோ பிரிப்பதே நல்லது. பேனா ஒரே பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. ஐந்து வரிக்கு ஒருமுறை கைமாற வேண்டும். வாசிப்பவரும் ஒவ்வொரு சுற்றிலும் மாற வேண்டும்.

எந்தப் பிள்ளையையும் தன் சொந்த அவமானத்தை எழுதச் சொல்லக் கூடாது. கற்பனைச் சம்பவமோ, பத்திரிகையில் வந்த சம்பவமோ கொடுத்தால் போதும். தன் வீட்டுக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். நாட்குறிப்புச் சீட்டில் தன் கதையை ஒளித்து எழுதுகிற பிள்ளை இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து வகுப்பில் சொல்வது ஆசிரியரின் வேலை அல்ல.

பேச்சு மொழியைத் திருத்தக் கூடாது என்பது மிக முக்கியம். சேரித் தமிழ், காலனித் தமிழ் என்று கேலி செய்து பல பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம். ஆயாவுக்கு எழுதும் கடிதத்தில் வீட்டுப் பேச்சுதான் சரியான நடை. அங்கே "தாங்கள் நலமா?" என்று எழுதினால்தான் புள்ளி குறைக்க வேண்டும். மனுவில் வீட்டுப் பேச்சு வந்தால் அங்கே திருத்தலாம். இரண்டு தமிழும் அவர்களுடையது, எதை எங்கே பயன்படுத்துவது என்பதே பாடம் என்று புரிந்துவிட்டால், வெட்கம் போய்விடும். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' தலித் கிராமத்தின் பேச்சு மொழியிலேயே எழுதப்பட்டது. அது இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இப்பகுதிப் பள்ளிகளில் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும், செங்கல் சூளைக்கும் ஆலைகளுக்கும் வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழில் எழுதத் தடுமாறும் பிள்ளை சம்பவத்தைச் சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை எழுதட்டும். இருளர் மக்களுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் வாங்குவதே பெரிய அலைச்சல். சான்றிதழ் கோரும் விண்ணப்பத்தை ஒரு சுற்றில் சம்பவமாக வைத்தால், வகுப்பில் எழுதிய மாதிரியை எடுத்துப்போய் யாராவது ஒரு வீட்டில் உண்மையிலேயே பயன்படுத்தக்கூடும்.

மேல் வகுப்பில் விளையாட்டு ஏன் நின்றுபோகிறது?

விளையாட்டு வழிக் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு பகுதியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறை பயன்படுத்தப்பட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆடல், பாடல், அட்டை, பொம்மை எல்லாம் தொடக்க வகுப்புகளுக்கு வந்துவிட்டன.

ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் விளையாட்டு குறைந்து, ஒன்பதாம் வகுப்பில் அடியோடு நின்றுவிடுகிறது. மனு, விண்ணப்பம், அறிக்கை என்று வாழ்க்கைக்குத் தேவையான எழுத்து வடிவங்கள் பாடத்தில் வருவதும் அதே வகுப்புகளில்தான். தேவைப்படும் நேரத்தில் மனப்பாடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொதுத்தேர்வு நெருக்கடி ஆசிரியர்களுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இந்த விளையாட்டுக்கு மாதத்துக்கு இரண்டு பாடவேளை போதும். அதில் எழுதுவது தேர்வுக்கும் உதவும். கடிதத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வி சற்று மாறினால் திகைத்து நிற்கும். பெறுநர் யார் என்று யோசிக்கப் பழகிய பிள்ளை எந்தக் கேள்வி வந்தாலும் எழுதிவிடும்.

பள்ளியில் நடக்கவில்லை என்றால் ஊரில் நடத்தலாம். அம்பேத்கர் மன்றத்திலோ, மாலை நேர டியூஷனிலோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் அக்காவோ அண்ணனோ பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து இரண்டு குழுவாகப் பிரித்தாலே போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவின் ஒரே ஒரு குறையை எடுத்து, பிள்ளைகளை மனுவாகவும் தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள். தெருவிளக்கோ, குழாயோ, சுடுகாட்டுப் பாதையோ எதுவாகவும் இருக்கலாம். தேதி இருக்கிறதா, எண்ணிக்கை இருக்கிறதா, கோரிக்கை தெளிவாக இருக்கிறதா என்று இன்னொரு குழு சரிபார்க்கட்டும். பெரியவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு, சபையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வரட்டும். அந்த ஒப்புகைச் சீட்டை எழுதிய பிள்ளைகளின் கையில் கொடுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் அவர்கள் எழுதிய முதல் எழுத்துக்குக் கிடைத்த ரசீது அதுதான்.